பனியுள் மறைந்த நலிபடை

மலைச்சாரலிற் பனி மூடிக் கிடக்கும் காட்சியைப் படத்திற் காணும் நமக்கு, அது வெண்பட்டு விரித்தாற் போன்ற ஓர் அழகாகவே தோன்றுகின்றது. அம்மலையடிவாரத்தில் வாழ்வோருக்கோ அவ்வெண்மை அழகும் அச்சமும் ஒருங்கே தருவதாகும். பல நாள் அமைதியாகக் கிடந்த பனி ஒரு கணத்திற் பிளந்து, மரங்களையும் மனைகளையும் மனிதரையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் வந்து வீழும். இதனையே பனிச்சரிவு என்கிறோம். பனி மிகுதியாகப் பெய்தமையாற் சரிவு நேர்ந்தது எனப் பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. எஞ்சிய பாதி உண்மை, பல நாட்களுக்கு முன்னரோ பல வாரங்களுக்கு முன்னரோ தோன்றி, பின்வந்த பனியின் கீழ்ப் புதைந்துபோன மெல்லிய படையொன்றிற் கிடக்கின்றது. அப்படை எவ்வாறு தோன்றுகின்றது, கண்ணுக்குப் புலப்படாத அதனை அறிஞர் எவ்வாறு கண்காணிக்கின்றனர் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பநாட்டவராகிய நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என ஒருவர் வினவலாம். நம் நாட்டுக் கல்லூரிகளிற் பயின்று வெளியேறியோருட் பலர் இன்று சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் நோர்வேயிலும் குடியிருக்கின்றனர். அவர்தம் மக்கள் பள்ளித் தோழருடன் சேர்ந்து பனிமலை ஏறுகின்றனர், பனிச்சறுக்கு விளையாடுகின்றனர். பாட்டனும் பாட்டியும் கண்டறியாத பனி பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு முற்றமாகிவிட்டது. ஆதலின் இவ்வறிவு நமக்குப் புறம்பானதன்று.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழிற் 'பனி' என்னும் ஒரே சொல் பல பொருளுக்கு நிற்கின்றது. மார்கழிக் காலையிற் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. வழியை மறைக்கும் மூடுபனியும் பனி. முகிலிலிருந்து படிகங்களாய் வீழ்வதை மழைப்பனி எனவும், காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பொன்றின்மீது நேரே உறைந்து படிவதை உறைபனி எனவும் நம் பாடநூலார் பிரித்துரைப்பர். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில், முகிலற்ற இரவு கழிந்த விடியலிற் புல்லின்மீது வெள்ளென்று காணப்படுவது உறைபனியே. இவ்வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டப்படும். இக்கட்டுரையில் வாளா 'பனி' என்னுமிடத்து மழைப்பனியையே கொள்க.

நலிபடையின் பிறப்பு

மலைமேற் கிடக்கும் பனி ஒரே நாளிற் பெய்து அமைந்ததன்று. கார்த்திகை தொடங்கிச் சித்திரைவரை, பெய்யுந்தோறும் ஒரு படை முந்திய படையின்மேல் அமைகின்றது. ஒரு படை காற்றினால் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். ஒன்று வெயிலில் உருகி மீண்டும் உறைந்து பொருக்காகியிருக்கும். ஒன்று பஞ்சுபோற் கிடக்கும். மாரி முழுவதும் வானம் என்ன செய்தது என்பது அப்படைகளில் வரிசையாகப் பதிந்திருக்கும்.

அன்றியும், வீழ்ந்த பனி வீழ்ந்தவாறே கிடப்பதில்லை. உள்ளிருந்தபடியே அது உருமாறுகின்றது. சுவிற்சர்லாந்து அறிஞராகிய பாடர், ஹேபெலி முதலியோர் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வுருமாற்றத்தையே பொருளாகக் கொண்டது. அவ்வுருமாற்றம் இருவகைப்படும். பனிமூட்டத்தின் அடிக்கும் முடிக்கும் வெப்பநிலை வேறுபாடு சிறிதாயின், படிகங்களின் கூர்முனைகள் மழுங்கி, சிறு உருண்டைகளாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பனி நாளடைவில் வலுப்பெறும். வேறுபாடு பெரிதாயின் நிகழ்வது நேர்மாறானது. பனியின் கீழுள்ள நிலம் ஏறக்குறைய 0 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் இருக்கும். கீழிருந்து நீராவி மேனோக்கிச் சென்று, செல்லும் வழியிலுள்ள படிகங்களிற் படிந்து, அவற்றைக் கோணமும் பட்டையும் உடையனவாக வளர்க்கும். இத்தகைய படிகங்கள் ஒன்றையொன்று பற்றுவதில்லை. கையில் அள்ளினாற் சீனிபோல் விரலிடையே ஒழுகும்.

ஒரு மீற்றர் உயரத்துக்கு 10 பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பின் இச்சீனிப்பனி தோன்றும் என்பது பொதுவிதி. ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்கலாம். மேற்பரப்பின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 10 பாகை என்க. பனியின் ஆழம் 2 மீற்றராயின், மீற்றருக்கு 5 பாகை வேறுபாடே உண்டு, பனி வலுப்பெறும். ஆழம் அரை மீற்றராயின், அதே குளிரில் மீற்றருக்கு 20 பாகை வேறுபாடாகும், பனி நலிவுறும். ஆகவே மாரியின் தொடக்கத்திற் சிறிதளவே பனி பெய்து, பின்னர் பல நாள் வானம் தெளிந்து குளிர் வாட்டுமாயின், அம்மெல்லிய பனி முழுவதும் சீனியாகிவிடும். அவ்வாண்டு பின்னர் வரும் பனியனைத்தும் அந்த உறுதியற்ற அத்திவாரத்தின்மேலேயே ஏறவேண்டும்.

நலிபடை தோன்றும் வழி இன்னும் ஒன்று உண்டு. காற்றடங்கி, விண்மீன்கள் தெளிவாய்த் தோன்றும் இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சூழவுள்ள காற்றினும் மிகக் குளிர்ந்துவிடும். அப்போது காற்றிலுள்ள நீராவி அதன்மீது இறகுபோன்ற உறைபனிப் படிகங்களாய் முளைக்கும். நுவரெலியாப் புல்லின்மீது நிகழ்வதே ஈண்டுப் பனியின்மீது நிகழ்கின்றது. காலைக் கதிரில் அவை வைரத்துகள்போல் மின்னும். காற்றோ வெயிலோ அவற்றை அழித்துவிட்டாற் கேடில்லை. அழிக்குமுன்னர் மென்மையாகப் புதுப்பனி வீழ்ந்து மூடிவிட்டால், அவ்விறகுகள் நின்றநிலையிலேயே புதைந்து, சீட்டுக்களை நிறுத்திவைத்து அவற்றின்மேற் பலகை ஏற்றினாற்போல், மேற்பனியைத் தாங்கி நிற்கும். அவற்றின் தடிப்பு சில மில்லிமீற்றரே இருக்கலாம். ஆயினும் சிலவேளை அவை வாரக்கணக்காக அழியாது கிடக்கும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். நலிபடையை ஆக்குவது புயலன்று. தெளிந்த வானமும் அடங்கிய காற்றுமேயாம். புயல் செய்வது அதன்மேற் சுமையை ஏற்றுவதே. ஆதலாற் புயல் நாட்களை மட்டும் குறித்துவைப்பவன் ஆபத்தின் பாதியையே குறித்துவைத்தவனாவான்.

சரிவு நிகழுமாறு

நலிபடையின்மேல் வந்த பனி காற்றினாலும் தன் பாரத்தினாலும் இறுகி ஒரு பலகைபோலாகின்றது. கீழே பற்றில்லாத படை, மேலே ஒன்றாய் இணைந்த பலகை, அடியில் ஏறக்குறைய 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு என்னும் இம்மூன்றும் கூடிய இடத்திற் சரிவுக்கு வேண்டியன அனைத்தும் ஆயத்தமாகிவிட்டன. இப்பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளிலேயே நிகழ்கின்றன. பனிச்சறுக்குக்கு உவப்பான சாய்வுகளும் இவையே.

அச்சாரலில் ஒருவன் கால்வைக்கிறான் எனக் கொள்வோம். அவனது பாரம் பலகையினூடாக இறங்கி நலிபடையின் ஒரு சிறு பகுதியை நொறுக்குகின்றது. நொறுங்கிய பகுதி ஓர் எல்லையைக் கடந்துவிடின், வெடிப்பு தானே விரைந்து பரவத் தொடங்கும். செக்கனுக்குப் பல பத்து மீற்றர் விரைவில் அது சாரல் முழுவதும் ஓடிவிடும். பின்னர் பலகை மேல்விளிம்பில் அறுந்து கீழ்நோக்கிப் பெயரும். சிலவேளை சமதரையில் நடக்கும்போதே காலடியிற் 'கும்' என்றோர் ஓசை எழுந்து பனி சிறிது அமுங்குவதுண்டு. நலிபடை உடைந்த ஓசை அது. சாய்வு இன்மையாற் சரிவு நிகழவில்லை. எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. மலையறிந்தோர் அவ்வோசை கேட்டதும் செங்குத்தான சாரல்களை விட்டு விலகுவர்.

பனிச்சரிவில் இறக்கும் மலையேறிகளுட் பத்தில் ஒன்பது பங்கினர் தாமோ தம் குழுவினரோ கிளப்பிய சரிவிலேயே அகப்பட்டவர்கள் என ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் மலைநாட்டில் மண்சரிவு நிகழ்வதற்கு மழைநீர் மண்ணுட் புகுந்து அதனை நெகிழ்த்த வேண்டியிருக்கின்றது. பனிச்சரிவுக்கோ, நலிபடை ஆயத்தமாயிருப்பின், ஒரு மனிதனின் காலடியே போதியதாகின்றது.

கண்காணிக்குமாறு

இத்துறையில் நெடுநாட் பழக்கமுடைய நாடு சுவிற்சர்லாந்து. டாவோஸ் நகரின்மேல் உயர்ந்து நிற்கும் வைஸ்புளூயொக் என்னும் மலையில், 2,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், 1936ஆம் ஆண்டு தொடக்கம் பனி நாள்தோறும் அளக்கப்பட்டு வருகின்றது. 1942இல் அம்மலையில் ஆராய்ச்சி நிலையமொன்று நிறுவப்பட்டது; 1945இல் நாட்டு மக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பும் அதன்பாற் சேர்ந்தது. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டிற் பனிச்சரிவுகள் 98 உயிர்களைக் கவர்ந்தன. அத்துயரின் பின்னர் தடுப்புவேலிகள், ஆபத்து வலயப் படங்கள், எச்சரிக்கைச் சேவை ஆகிய யாவும் பெருகின. சுவிற்சர்லாந்தும் ஒஸ்திரியாவும் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் இவ்வறிவை யுனெஸ்கோ நிறுவனம் 2018இல் மானிடத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கண்காணிப்பின் முதற்கருவி எளிய சவல் ஒன்றே. அவதானி பாதுகாப்பான ஓரிடத்தில் நிலம்வரை குழி தோண்டி, அதன் சுவரைச் செப்பமாகச் சீவுவார். பின்னர் ஒவ்வொரு படையையும் கையாற் சோதிப்பார். மூடிய கைமுட்டி புகும் படை மிக மென்மையானது. நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்னும் வரிசையிற் புகுபொருள் கூராகக் கூரப் படையின் வன்மை மிகும். வெப்பமானியாற் பத்து சென்ரிமீற்றருக்கு ஒருமுறை வெப்பநிலை அளப்பார். உருப்பெருக்குக் கண்ணாடியாற் படிகத்தின் வடிவை நோக்குவார். உருண்டையா, பட்டையா, இறகா எனக் குறிப்பார். இவையனைத்தும் ஒரு தாளிற் படமாக வரையப்படும். வைத்தியர் நாடி பார்த்துக் குறிப்பெழுதுவதை இது ஒக்கும்.

படை உண்டென அறிந்தபின், அது உடையுமா, உடைந்தாற் பரவுமா என்பதை அறிதல் வேண்டும். இதற்கு வழங்கும் சோதனைகளுள் ஒன்றை மட்டும் கூறுவோம். 90 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய பனித்தூணொன்றை வெட்டித் தனியாக்குவர். அதன் ஒரு முனையிற் சவலின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையை அசைத்துப் பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு என முப்பது முறை தட்டுவர். எத்தனையாம் தட்டில் வெடிப்புத் தோன்றுகின்றது, அது தட்டிய முனையோடு நின்றுவிடுகின்றதா, மறுமுனைவரை ஓடுகின்றதா எனக் காண்பர். ஓடுமாயின் அது தீய குறி. வெடிப்புத் தோன்றுதலினும் அது பரவுதலே பெரிதும் கவனிக்கப்படுகின்றது.

மனிதர் சென்று குழி தோண்டவியலாத உயரங்களில் தானியங்கி நிலையங்கள் அப்பணியின் ஒரு பங்கைச் செய்கின்றன. சுவிற்சர்லாந்தின் மலைகளில் அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. பனியின் ஆழம், காற்று, வெப்பநிலை, பனி மேற்பரப்பின் வெப்பநிலை முதலியன அவற்றால் இடையறாது அறிவிக்கப்படுகின்றன. அவ்வளவைகளைக் கொண்டு, பனியின் உள்ளே படைகள் எவ்வாறு வளர்கின்றன என்பதைக் கணினியிற் கணிக்கும் முறையும் டாவோஸ் அறிஞரால் ஆக்கப்பட்டுள்ளது. பனியினுள் மெல்லிய கோலொன்றைச் செலுத்தி, ஒரு மில்லிமீற்றருக்குள் இருநூறுக்கு மேற்பட்ட முறை அதன் எதிர்ப்பை அளக்கும் நுண்கருவியும் அவர்கள் கண்டதே. இத்துடன் பயிற்சிபெற்ற அவதானிகள் பலர் தத்தம் ஊர்களிலிருந்து நாள்தோறும் செய்தி அனுப்புகின்றனர். இவற்றையெல்லாம் சீர்தூக்கி, மாரிக்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடப்படும். ஆபத்து ஐந்து நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. 1993 தொடக்கம் ஐரோப்பிய நாடுகள் இவ்வைந்து நிலை அளவையைப் பொதுவாகக் கையாளுகின்றன.

கனடா நாட்டினர் கையாளும் ஒரு வழக்கம் நம் கருத்தைக் கவர்வது. நலிபடையொன்று புதுப்பனியாற் புதைக்கப்பட்ட நாளையே அதற்குப் பெயராக இட்டுவிடுவர். தை மாதத்தில் ஒரு நாள் புதைந்த உறைபனிப் படை, மாசியிலும் பங்குனியிலும் அந்நாளின் பெயராலேயே வழங்கப்படும். அது எவ்வளவு ஆழத்திற் கிடக்கின்றது, எத்திசைச் சாரல்களில் உள்ளது, கடைசியாக அதன்மேற் சரிவு நிகழ்ந்தது எப்போது என்றெல்லாம் அப்பெயரின் கீழ்த் தொடர்ந்து எழுதப்படும். மறைந்ததை மறவாதிருக்கச் செய்யும் வழி இதுவாகும்.

ஒரு துயர நிகழ்ச்சி

இத்தனை கருவிகள் இருந்தும் ஆபத்து முற்றும் நீங்கிவிடவில்லை. 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கனடாவின் மேற்கு மலைகளிற் கடினமான பொருக்கொன்றும் அதனையொட்டிச் சீனிப்பனியும் தோன்றிப் பின்னர் புதைந்தன. வாரங்கள் பல சென்றும் அப்படை வலுப்பெறவில்லை. 2003 ஜனவரி 20ஆம் நாள் செல்கேர்க் மலைத்தொடரில் நிகழ்ந்த சரிவில் எழுவர் மாண்டனர். பன்னிரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 1ஆம் நாள், அதே மலைத்தொடரிலுள்ள கொனோட் ஓடைப் பள்ளத்தாக்கிற் பள்ளி மாணவர் குழுவொன்று பனிச்சறுக்குப் பயணம் சென்றது. மாணவர் 14 பேரும் பெரியோர் மூவருமாக அவர்கள் 17 பேர். மேலே ஓங்கியிருந்த மலைமுகத்திலிருந்து, எவரும் தீண்டாமலே, பெருஞ்சரிவொன்று அறுந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. மாணவர் எழுவர் உயிர்நீத்தனர். அவ்வழியே மேலே சென்றுகொண்டிருந்த வழிகாட்டிகள் இருவர் விரைந்து வந்து தோண்டியிராவிடின் இழப்பு இன்னும் பெருகியிருக்கும். நவம்பரிற் பிறந்த படை பெப்ரவரியில் உயிர் கொண்டது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. அந்நாட்டினர் அழுததோடு நின்றுவிடவில்லை. ஆய்வு நடத்தினர். பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிவிப்பு வழங்கும் தேசிய நிலையமொன்று 2004இல் அமைக்கப்பட்டது. ஒரு வழி எவ்வளவு தூரம் சரிவுகளின் பாதையிற் செல்கின்றது என்பதைக் காட்டும் தரப்பாடும் அவ்வாண்டில் வகுக்கப்பட்டது. பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்று மலைக்கு அழைத்துச் செல்வோருக்குத் தனி விதிகள் விதிக்கப்பட்டன. பனி எவ்வாறுள்ளது என்று மட்டும் வினவாது, அது தவறினால் நாம் நிற்குமிடம் யாதாகும் என்றும் வினவவேண்டும் என்பதே அவர்கள் பெற்ற பாடம்.

அவ்வினா ஏன் இன்றியமையாதது? ஒரு குழி ஓரிடத்து நிலையையே காட்டும். இருபது மீற்றர் அப்பால் அதே படை தடித்தோ மெலிந்தோ இருக்கலாம். காற்று அழித்த இடத்தில் அது இல்லாமலும் போகலாம். ஆழப் புதைந்த படையை நூறு பேர் கடந்தும் அது உடையாதிருக்கும். நூற்றோராவது ஆள் பனி மெலிந்த ஓரிடத்தில் மிதிக்க, சாரல் முழுவதும் பெயரும். ஆகவே 'முன்னே சென்றவர் தடம் இருக்கின்றது; நமக்கும் தீங்கில்லை' என்பது காரணமாகாது. ஐந்து நிலைகளுள் நடுவாகிய மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே சுவிற்சர்லாந்தில் ஏறக்குறைய அரைவாசி இறப்புகள் நிகழ்கின்றன. நான்கு, ஐந்து என்றால் மக்கள் அஞ்சி ஒதுங்குகின்றனர். மூன்று என்றாலோ 'நடுத்தரந்தானே' என்று துணிந்துவிடுகின்றனர்.

பனிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களே, உங்கள் பிள்ளைகள் மலைக்குச் செல்வதை நாம் தடுக்கச் சொல்லவில்லை. செல்லுமுன் அன்றைய அறிக்கையைப் படிக்கப் பழக்குங்கள். எண்ணை மட்டும் பாராது, எந்தப் படை, எந்தத் திசைச் சாரல், எவ்வளவு உயரம் என்று அவ்வறிக்கை கூறுவதையும் படிக்கச் சொல்லுங்கள். குறிக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே செல்வதாயின், இடங்காட்டும் மின்னலைக் கருவி, துழாவு கோல், சவல் என்னும் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். புதையுண்டோர் முதற் பத்து நிமிடங்களுள் மீட்கப்படின் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரத்தில் அது மூன்றிலொன்றாகிவிடுகின்றது. எனவே உதவி தொலைவிலிருந்து வரும்வரை காத்திராது உடன் சென்றோரே தோண்டுதல் வேண்டும்.

இங்குப் பயிலும் மாணவர்களுக்கும் ஒரு சொல். நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று, சிறப்பாக எதுவும் நிகழாத நாளிலும் அளந்து எழுதிவைக்கும் பொறுமையே இவ்வறிவியலின் அடிப்படை. வைஸ்புளூயொக்கில் அவ்வேடு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாது எழுதப்பட்டு வருகின்றது. அமைதியான இரவொன்றில் முளைத்த உறைபனியை ஒருவர் மறவாது குறித்துவைத்தமையால், பல வாரங்களின் பின் முன்பின் அறியாத ஒருவர் தம் பிள்ளைகளோடு வீடு திரும்புகின்றார். நும்முள் யாரேனும் இத்துறையிற் புகுந்து நற்பணி புரிவீராயின், உம்மைப் பயிற்றிய ஆசிரியர் பெரிதும் மகிழ்வர்.